தூண்டில் மூலை

மணி பதினொன்று நாற்பது. எடுத்து வைக்கப் போன தூண்டில்களில் இரண்டின் நுனியில் காந்தம் இல்லை.

ஆசிரியை குனிந்து நீல விரிப்பைத் தடவிப் பார்த்தாள். விரிப்புதான் குளம். அதில் அட்டையில் வெட்டிய மீன்கள் கிடந்தன. ஒவ்வொரு மீனின் வாயிலும் ஒரு பேப்பர் கிளிப், முதுகில் ஓர் எண். தூண்டிலைத் தொங்கவிட்டால் காந்தம் கிளிப்பைக் கவ்வும். பிடித்த மீன்களைக் கூட்டிச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு இந்த மூலையில்தான் நடந்தது.

விரிப்பின் மேல் காந்தம் இல்லை. அடியிலும் இல்லை.

பழைய காந்தங்கள் கறுப்பு. பலம் போதாது. மீன் பாதி வழியில் நழுவும், பிள்ளைகள் அழும். போன வாரம் அவளே இரும்புக் கடைக்குப் போய்ப் புதியவை வாங்கினாள். வெள்ளி நிறம். சட்டைப் பொத்தானை விடச் சிறியவை. இரண்டு சேர்ந்துவிட்டால் நகத்தால் பிரிக்க முடியாது. பசை வைத்து நூலில் ஒட்டியதும் அவள்தான். ஒரு முழு நாள் காய வேண்டும் என்று பசைக் குழாயில் போட்டிருந்தது. அவள் ஒரு ராத்திரிதான் விட்டாள்.

முதல் தூண்டிலின் நூல் நுனியில் காய்ந்த பசை ஒரு சொட்டு. காந்தம் உட்கார்ந்திருந்த இடம் குழியாகத் தெரிந்தது. இரண்டாவது நூல் ஈரமாக இருந்தது. நுனி மட்டுமில்லை, ஒரு விரல் நீளத்துக்கு. இன்று வகுப்பில் தண்ணீர் வேலை எதுவும் கிடையாது. நூலை விரல்களுக்கு நடுவே உருட்டினாள். வழவழத்தது.

எச்சில்.

வயிற்றுக்குள் ஒரு காந்தம் போனால் பெரும்பாலும் தானே வெளியே போய்விடும். இரண்டு போனால் அப்படியில்லை. குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் அடுத்த மடிப்பில் மற்றொன்றும் நின்றுகொண்டு ஒன்றையொன்று தேடும். நடுவில் அகப்படுவது குடல். காந்தம் வந்த பெட்டியின் மேல் அது எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் பெட்டியைக் குப்பையில் போட்டாள்.

பன்னிரண்டுக்கு மணி அடிக்கும். வாசலில் அம்மாக்களும் அப்பாக்களும் நிற்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்துவிடுவார்கள். சாயங்காலம் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லும். தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்க வைப்பார்கள்.

அவள் இரண்டு முறை கை தட்டினாள்.

“எல்லாரும் குளத்துக்கு வாங்க. தூண்டில்லேர்ந்து ரெண்டு காந்தம் ஓடிப்போச்சு. யாரு கண்ணுல படுதுன்னு பாப்போம்.”

“கண்டுபிடிச்சா என்ன தருவீங்க மிஸ்?” இப்படிக் கேட்டவளை வகுப்பே வக்கீல் என்றுதான் கூப்பிடும்.

“ஒரு கைதட்டு.”

“போன தடவையும் அதேதான் குடுத்தீங்க.”

பிள்ளைகள் தவழ்ந்தார்கள். அலமாரிக்கு அடியில், பெஞ்சுக் கால்களுக்கு நடுவில், செருப்புகளுக்குள். ஒருவனுக்கு ரப்பர் கிடைத்தது. ஒருத்தி எதையோ உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆசிரியையின் நெஞ்சு ஒரு கணம் லேசானது.

“மிஸ், பல்லு!”

“அது என்னுது! போன மாசம் தொலைச்சது!” இன்னொருத்தன் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டான்.

காந்தம் கிடைக்கவில்லை. அவள் விரிப்பில் உட்கார்ந்தாள். குரல் மாறாமல் பார்த்துக்கொண்டாள்.

“யாராவது காந்தத்தை வாயில வெச்சீங்களா? வெச்சிருந்தா சொல்லுங்க. மிஸ் திட்ட மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திட்ட மாட்டேன் என்று சொன்னால், திட்டுகிற விஷயம் ஒன்று இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். இனிமேல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வகுப்பை விட்டு நகர முடியாது. தலைமை ஆசிரியையைப் போனில் கூப்பிட்டாள். இரண்டு வரியில் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

தலைமை ஆசிரியை வேகமாக வந்தாள். பிள்ளைகளுக்கு அவள் பெரிய மிஸ். வாசலில் நின்றபடியே ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு அறையைப் பார்த்தாள். குளம், தராசு, மணல் தட்டு, கயிற்றில் தொங்கும் காகித எழுத்துகள்.

“எத்தனை தடவை சொன்னேன்?” மெதுவாகத்தான் கேட்டாள். “கரும்பலகை யார் வயித்துக்குள்ளயும் போகாது.”

ஆசிரியை ஈர நூலை நீட்டிக் காட்டினாள்.

“யாருன்னு தெரியுமா?”

“தெரியலை மேடம்.”

“எல்லாரும் எழுந்து நில்லுங்க. வரிசையா. கை கட்டி.”

பிள்ளைகள் நின்றார்கள். இந்த அறையில் அவர்கள் வரிசையாக நின்றதே இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள்.

“காந்தத்தை முழுங்கினது யாரு?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொல்லலைன்னா எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். எல்லாருக்கும் ஊசி. பெரிய ஊசி.”

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. தலைமை ஆசிரியை வரிசையில் நடந்து ஒரு பையன் முன்னால் நின்றாள். பயந்து வெளுத்த முகம் அது ஒன்றுதான் என்று நினைத்தாளோ என்னவோ.

“நீதானே?”

“ஆமா மிஸ்,” என்றான் பையன்.

“ரெண்டையுமா?”

“ஆமா மிஸ்.”

“கெடச்சாச்சு.” அவன் கையைப் பிடித்தாள். “வாடா. ஆம்புலன்ஸ் வந்துடும். இவங்க வீட்டு நம்பர் என்ன?”

ஆசிரியை குறுக்கே வந்து நின்றாள். அந்தப் பையனுக்கு வகுப்பு வைத்த பெயர் ‘ஆமா’. அவன் ஒருமுறைகூட இல்லை என்று சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது.

“மேடம், இவன் இல்லை.”

“அவனே ஒத்துக்கிட்டான்.”

“இவன் எல்லாத்துக்கும் ஒத்துப்பான்.” அவள் பையனைப் பார்த்தாள். “கண்ணு, நேத்து ஸ்கூல் பஸ்ஸை முழுங்கினது யாரு? நீதானே?”

“ஆமா மிஸ்.”

“டிரைவரோடயா?”

பையன் யோசித்தான். “ஆமா மிஸ்.”

அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. கையை மட்டும் விட்டாள். அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

“அப்போ என்னம்மா பண்றது? இவங்க எல்லாரையும் எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா? மணி அடிக்கப் போறாங்க.”

“மணி அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க.”

“வாசல்ல ஒரு ஊரே நிக்குது. மணி அடிக்கலைன்னா கதவைத் தட்டுவாங்க.”

“தட்டட்டும் மேடம்.”

அலமாரியின் மேல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தது. ஆசிரியை அதை எடுத்தாள். போன வாரம் பிள்ளைகள் செய்த திசைகாட்டி. தண்ணீரில் மெல்லிய தக்கை வட்டம், தக்கையின் மேல் காந்தத்தில் தேய்த்த தையல் ஊசி. எப்படித் திருப்பிவிட்டாலும் ஊசி மெதுவாகச் சுற்றி ஜன்னல் பக்கமே போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் அதற்குச் சோம்பேறி என்று பெயர். ஆனால் அருகில் ஒரு காந்தம் வந்தால் சோம்பேறி எழுந்துவிடுவான். சட்டைக்குப் பின்னால் இருந்தாலும் எழுவான், புத்தகத்துக்குப் பின்னால் இருந்தாலும் எழுவான். அதை வக்கீல்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். பிள்ளையின் வயிற்றுத் தோல் ஒரு புத்தகத்தை விடத் தடிமனா என்று ஆசிரியைக்குத் தெரியவில்லை.

கிண்ணத்தை அறையின் நடுவில் தரையில் வைத்தாள். இரும்புக் கால் வைத்த பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டாள்.

“இதா விளையாடற நேரம்?” என்றாள் தலைமை ஆசிரியை.

“விளையாட்டு இல்லை மேடம். ஆனா இவங்களுக்கு அப்படித்தான் தெரியணும்.”

திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள். கன்னம் இழுத்துக்கொண்டது.

“சோம்பேறியை எழுப்பற போட்டி. கையால தொடக்கூடாது. ஊதக்கூடாது. கிண்ணத்துல வயித்தை ஒட்டினாப்பல மண்டி போடணும், அவ்வளவுதான். முதல்ல உடம்புல இருக்கிற இரும்பெல்லாம் தட்டுக்கு.”

இதை அவர்கள் அறிவார்கள். எது இரும்பு என்று காந்தத்தால் தேடும் இரும்பு வேட்டையை முன்பே ஆடியவர்கள். ஹேர்பின், பெல்ட், பேட்ஜ், சைக்கிள் சாவி எல்லாம் தட்டில் விழுந்தன. பெரிய மிஸ்ஸின் சாவிக்கொத்தையும் வக்கீல் கேட்டு வாங்கிப் போட்டாள்.

முதலில் ‘ஆமா’. மண்டி போட்டு, வயிற்றை முன்னால் தள்ளிக் கிண்ணத்தில் ஒட்டினான். ஊசி அசையவில்லை.

“எழுந்துட்டானாடா?” என்றாள் வக்கீல்.

“ஆமா.”

“எங்கடா எழுந்தான்? தூங்கறான். போ.”

அடுத்தவள். அசையவில்லை. அடுத்தவன். அடுத்தவள். தலைமை ஆசிரியை ஜன்னலருகே போய் வாசலைப் பார்த்தாள். கூட்டத்தின் சத்தம் உள்ளே வந்தது. மணி அடிக்கும் நேரம் தாண்டிவிட்டது போல. யாரோ கம்பிக் கதவை ஆட்டினார்கள்.

ஒரு குண்டுப் பையன் மண்டி போட்டான். ஊசி நடுங்கியது. மெதுவாக, தூக்கத்தில் புரள்வதுபோல, அவன் பக்கம் திரும்பியது.

“எழுந்துட்டான்! எழுந்துட்டான்!” பிள்ளைகள் குதித்தார்கள்.

ஆசிரியை அவன் பக்கம் குனிந்தாள். “சட்டையைத் தூக்குடா.”

தூக்கினான். உள்ளே ஒரு பெல்ட். அண்ணனுடையது. ஆணியால் புது ஓட்டை போட்டு இறுக்கியிருந்தது.

“இரும்பெல்லாம் தட்டுல போடச் சொன்னேன்ல?”

“இதைக் கழட்டினா நிக்கர் கழண்டுடும் மிஸ்.”

“கையால பிடிச்சுக்கோ.”

பெல்ட் தட்டுக்குப் போனது. அவன் நிக்கரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மறுபடி மண்டி போட்டான். ஊசி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தலைமை ஆசிரியை சுவரில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தாள்.

வரிசை குறைந்தது. ஆசிரியை அப்போதுதான் கவனித்தாள். மணல் தட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம். சுறுசுறுப்பு. மிளகு என்று கூப்பிடுவார்கள்.

“மிளகு, உன் முறை வந்துடுச்சு.”

“நான் ஆட்டத்துக்கு வரலை மிஸ்.”

“ஏன் கண்ணு?”

மிளகு தலையைக் குனிந்துகொண்டாள்.

வற்புறுத்தினால் ஓடிவிடுவாள் என்று தோன்றியது. ஆசிரியை கிண்ணத்தைத் தூக்கினாள். தண்ணீர் தளும்பாமல், ஓர் அடி, இன்னோர் அடி. “சரி, நீ வரவேண்டாம். சோம்பேறி உன்னைப் பாக்க வர்றான்.” மிளகின் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். தளும்பல் அடங்கும்வரை காத்திருந்தாள். ஊசி ஜன்னலைப் பார்த்துப் படுத்தது.

“முழங்காலை இறக்கு கண்ணு.”

மிளகு காலை இறக்கினாள். ஆசிரியை கிண்ணத்தை அவள் வயிற்றோடு ஒட்டினாள்.

ஊசி இந்தத் தடவை நடுங்கவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலச் சடாரென்று திரும்பியது. தக்கை நீந்தி வந்து கிண்ணத்தின் சுவரில், மிளகின் வயிற்றுப் பக்கம், ஒட்டிக்கொண்டு நின்றது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். “மிளகுதான் ஜெயிச்சா! மிளகு ஜெயிச்சுட்டா!”

மிளகு அவர்களைப் பார்த்தாள். பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். உதடு கோணியது.

“நானும் கை தட்டட்டுமா?” என்று ஆசிரியை அவள் காதில் கேட்டாள். அழுதால் வாந்தி வரும், வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. மிளகு தலையாட்டினாள். ஆசிரியை கை தட்டினாள்.

தலைமை ஆசிரியை அருகில் வந்து தணிந்த குரலில், “தூக்கிக்கோ. ஆம்புலன்ஸ் பின்பக்கம் வந்துடுச்சு,” என்றாள்.

“மேடம், இன்னும் நாலஞ்சு பேர் பாக்கி. ரெண்டு காந்தம் காணாம போயிருக்கு. ரெண்டும் இவகிட்டயான்னு ஊசி சொல்லாது.”

தலைமை ஆசிரியை ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வாங்கடா. அடுத்தது யாரு?”

ஆம்புலன்ஸின் உள்ளே மருந்து வாடை. மிளகு படுக்க மாட்டேன் என்றாள். ஆசிரியை அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். வண்டி வளையும்போதெல்லாம் இரண்டு கைகளாலும் அவள் வயிற்றைத் தாங்கினாள். அழுத்தவும் பயம், விடவும் பயம்.

“வலிக்குதா?”

“இல்லை.”

“எப்படி கண்ணு உள்ள போச்சு?”

“காந்தம் கழண்டு வந்துடுச்சு மிஸ். திரும்பக் கட்டலாம்னு பாத்தேன். ஒரு கையில குச்சி, ஒரு கையில நூலு. அதான் உதட்டுல வெச்சுக்கிட்டேன்.”

“உதட்டுலயா?”

“அம்மா அப்படித்தான் ஊசியை வெச்சுப்பாங்க. வாய் நெறைய ஊசி வெச்சுக்கிட்டே எங்களைத் திட்டுவாங்க. ஒண்ணுகூடக் கீழ விழாது.”

மிளகின் அம்மா தையல் கடையில் வேலை செய்தாள்.

“அப்புறம்?”

“வக்கீல் மீனுக்கு மீசை வரைஞ்சு காட்டினா. சிரிச்சுட்டேன்.”

“முழுங்கிட்டே.”

மிளகு தலையாட்டினாள்.

“ஒண்ணுதான் போச்சா? இன்னொண்ணு எங்க?”

“அதுவும்தான்.”

“அதையும் உதட்டுல வெச்சியா?”

“இல்லை மிஸ். முதல்ல போனதை எடுக்கறதுக்கு அதை விட்டேன்.”

ஆசிரியைக்குப் புரியவில்லை. மிளகு அண்ணாந்து வாயைத் திறந்தாள். விரல்களால் ஒரு நூலைப் பிடித்து மெதுவாக, மெதுவாகத் தொண்டைக்குள் இறக்குவதுபோலக் காட்டினாள்.

“காந்தத்தைக் காந்தம் பிடிக்கும்ல. கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். குமட்டிச்சு. அடக்கிக்கிட்டேன். அப்புறம் இழுத்தா நூலு மட்டும் வந்துச்சு.”

வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. ஆசிரியை அவளை இறுக்கிக்கொண்டாள்.

“உங்ககிட்ட முதல்லயே வந்தேன் மிஸ்.”

“எப்போ?”

“முதல் காந்தம் போனப்போ. நீங்க தராசுகிட்ட இருந்தீங்க. முதுகைத் தட்டினேன். நீங்க திரும்பலை. ‘நீயா ஒரு வழி பண்ணிப் பாத்தியா?’ன்னு கேட்டீங்க. இல்லைன்னேன். ‘போய்ப் பண்ணிப் பாத்துட்டு வா’ன்னீங்க.”

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “பண்ணிப் பாத்தேன். வரலை.”

வகுப்பில் இருந்த ஒரே சட்டம் அது. மிஸ்ஸைக் கேட்பதற்கு முன்னால் நீயாக ஒரு வழி செய்து பார். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் தங்கள் முடிச்சைத் தாங்களே அவிழ்த்தார்கள், சிந்தியதைத் தாங்களே துடைத்தார்கள், ஊசியை எழுப்பும் வழியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். அந்த வாக்கியத்தை ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. இருமலுக்கு வாயைப் பொத்துவதுபோல அது தானாக வரும். முதுகில் தட்டிய விரல் இப்போது நினைவுக்கு வந்தது. இரண்டு தட்டு. அப்போது தராசின் இரண்டு தட்டும் சமமாகிற நேரம். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளும்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. தலைமை ஆசிரியை.

“மத்தவங்க யார்கிட்டயும் அசையலை. ரெண்டு தடவை பாத்துட்டேன். எல்லாரையும் அனுப்பியாச்சு. அவ எப்படி இருக்கா?”

“பேசிக்கிட்டு இருக்கா.”

“எப்படி முழுங்கினாளாம்?”

ஆசிரியை அம்மாவின் ஊசி விஷயத்தைச் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல வாயெடுத்தபோது மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“அப்போ வீட்டுப் பழக்கம். நல்லதாப் போச்சு. அம்மா கடையிலேர்ந்து நேரா அங்க வர்றாங்க. கேட்டா அதை மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே. நான் வந்து பேசிக்கறேன். புரியுதா?”

“மேடம்...”

“நான் உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான் சொல்றேன்.”

போன் நின்றது. மிளகு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இளம் டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் செருகினார். விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்னக் கட்டி. பக்கவாட்டுப் படத்தில் அது இரண்டாகத் தெரிந்தது. நடுவில் மயிரிழைகூட இல்லை.

“ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் வயித்துலதான். குடலுக்கு இறங்கலை,” என்றார். “இறங்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும். ஒண்ணு பிரிஞ்சு முன்னால போயிட்டா அப்புறம் வயித்தைத் திறக்கற வேலை. அம்மா வந்து கையெழுத்துப் போட்டதும் உள்ள கொண்டு போயிடலாம்.”

ஆசிரியை படத்தையே பார்த்தாள். காந்தம் காந்தத்தைப் பிடித்திருந்தது. பிள்ளையின் கணக்கில் தப்பில்லை. விட்டது பசை.

“எப்படி எடுப்பீங்க?” என்று கேட்டது மிளகு. கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பச்சை அங்கி அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

“நீ தூங்குவே. வாய் வழியா ஒரு குழாய் விடுவோம். நுனியில பிடிக்கறதுக்கு ஒண்ணு இருக்கும். பிடிச்சு மேல இழுத்துடுவோம்.”

“தூண்டில் மாதிரியா?”

டாக்டர் சிரித்தார். “அதேதான். யாரு சொன்னா உனக்கு?”

மிளகு ஆசிரியையைப் பார்த்தாள்.

கதவு படாரென்று திறந்தது. மிளகின் அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தோள் பட்டையில் வரிசையாகக் குண்டூசிகள். மகளைத் தூக்க ஓடிவந்தவளை நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். “அந்த ஊசியெல்லாம் எடுத்துட்டுக் கிட்ட போங்கம்மா.” அவள் தோளைத் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வைக்க இடம் தெரியாமல் கை தானாக வாய்க்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவள் ஊசிகளைக் கைக்குட்டையில் குத்தி நர்ஸிடம் கொடுத்தாள்.

கையெழுத்துப் போட்டாள். டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மகளின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

“பாவி, உசுரே போச்சுடி எனக்கு. எலிக்குட்டி மாதிரி கண்டதையும் வாயில போட்டுக்கறதா?”

“போட்டுக்கலைம்மா. உதட்டுலதான் வெச்சேன்.”

“எதுக்குடி உதட்டுல வெச்சே?”

மிளகு அம்மாவின் தோளில் ஊசி இருந்த இடத்தைத் தொட்டாள். அந்தப் பெண் மகளின் விரலைப் பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சுருங்கியது. ஆசிரியைக்கு அது பொறுக்கவில்லை. தலைமை ஆசிரியை சொல்லச் சொன்னதை இனி யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. இதோடு இந்தப் பேச்சு முடிந்துபோகலாம்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியையின் கையைப் பிடித்தாள். விரல் நுனிகள் ஊசி குத்திக் காய்த்திருந்தன.

“மிஸ், பெரிய மிஸ் போன்ல சொன்னாங்க. நீங்கதான் ஏதோ பண்ணிக் கண்டுபிடிச்சீங்களாம். நீங்க இல்லைன்னா இந்நேரம் இவளைக் கூட்டிட்டுப் போய்ச் சோறு ஊட்டித் தூங்க வெச்சிருப்பேன்.”

“அம்மா...” என்று ஆசிரியை ஆரம்பித்தாள்.

நர்ஸ் கட்டிலின் பூட்டை விடுவித்தாள். “நேரமாச்சு. அம்மா இங்கயே இருங்க.” சக்கரங்கள் நகர்ந்தன. அம்மா கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். ஆசிரியை அடுத்த பக்கம் நடந்தாள். மிளகு படுத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பயப்படாதே. அம்மா இங்கயேதான் இருப்பேன். ஆனா ஒண்ணு சொல்லு. ஒண்ணு முழுங்கினே, சரி. தெரியாம நடந்துச்சு. உடனே மிஸ்கிட்ட ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே? சொல்லியிருந்தா ரெண்டாவது போயிருக்குமா?”

மிளகு ஆசிரியையைப் பார்த்தாள்.

கதவருகே கட்டில் ஒரு கணம் நின்றது. உள்ளே யாரோ விளக்கைப் போட்டார்கள்.

“அவங்களை ஏன்டி பாக்கறே? என்னைப் பாத்துச் சொல்லு. மிஸ் பக்கத்துலதானே இருந்தாங்க?”